பாறை வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்

ஏங்க,

இதை எழுதும்போது சாமித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கரகரத்துக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று பிறகு சொல்கிறேன். முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள். மூத்த பேத்தி கவிதா ரேடியோ, டெலிபோன் படிப்பை முடித்துக் கொழும்பிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அடுத்தவள் ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்தாள். கடைக்குட்டி பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவது. கோப்பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறான். நம் மகன் முருகேசு சொந்தமாக வேன் வாங்கிவிட்டான்.

அந்த வேனுக்கும் வீட்டுக்குமாகத்தான் இந்த ரேடியோ செட். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லைங்க. பொத்தானை அமுக்கிப் பேசலாம், விட்டால் பதில் வரும். லைசன்சுக்குக் கவிதாவே எழுதிப் போட்டு வாங்கினாள்.

போன் சிக்னல் செத்துப்போகிற அந்தப் பாறை வளைவு உங்களுக்குத் தெரியாததா. நெஞ்சுவலியோடு உங்களை ஹட்டனுக்குக் கொண்டுபோன அன்று அங்கே மண் சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் நின்ற வேன்காரர் பார்த்திருக்கிறார். எங்களுக்குச் சொல்ல அவருக்கு வழியில்லை. வண்டியைத் திருப்பி மேல் ரோட்டைப் பிடிப்பதற்குள் என் மடியில் நீங்கள் பேச்சை நிறுத்தியிருந்தீர்கள். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் நீங்களே சொல்வீர்களே, “முன்னால என்ன கெடக்குன்னு தெரிஞ்சாலே பாதி ரோட்டு முடிஞ்ச மாதிரி” என்று.

செட் வாங்க ஹட்டனில் நம்ம முஸ்லிம் நானா கடைக்கு நானும் முருகேசும் கவிதாவும் போனோம். முருகேசுக்குக் கைக்குள் அடங்குகிற, குட்டை ஏரியல் வைத்த குட்டி செட்டின் மேல்தான் கண்.

“அழகுக்காப்பா வாங்குறோம்?” என்றாள் கவிதா. “இங்க இருக்கிற எல்லா செட்டுக்கும் பவரு ஒண்ணுதான். ஏரியல் நீளமா, ஒசரமா இருந்தாத்தான் தூரம் போகும்.”

“நீளமா இருந்தா மரக்கெளையில அடிக்கும்மா.”

“அடிச்சா வளைஞ்சு நிமிரும். ஒங்கள மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்காது.”

நானா சிரித்துவிட்டார். “மகளுக்கு வெளங்குது. நீங்க சும்மா இரிங்க தம்பி.”

வேன் கூரையில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்கிற நெட்டை ஏரியல். வீட்டுக்கு, நம் லயத்து வரிசை வீடுகளின் கூரைக்கு மேலே இரும்புக் குழாயில் அதைவிட நெட்டை. சோதித்துப் பார்க்க முருகேசு வேனோடு வளைவைத் தாண்டிப் போய் நின்றான். லயத்துச் சனமே எங்கள் வாசலில். கவிதா கூப்பிடுகிறாள், கூப்பிடுகிறாள், வெறும் இரைச்சல். அவள் ஏரியலுக்குப் போகிற பவரைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்தாள், வெளியே போய் அண்ணாந்தாள்.

“அம்மா, ஏரியல்ல என்னா அது ஜிகினா?”

“புதுச் சாமான்டி, கண்ணு படும். குழாய நிறுத்துறதுக்கு முன்னாடியே சந்தனப் பொட்டு வச்சு, மாலையும் சுத்திட்டேன்” என்றாள் மருமகள்.

“ஜிகினாவும் தகடுதாம்மா. அதச் சுத்துனா ஏரியலோட அளவே மாறிப்போகும்.”

“அப்ப பொட்டு?”

“பொட்டு இருக்கட்டும்.”

குழாயை இறக்கி, மாலையை உருவி, மறுபடி நிறுத்தினார்கள். அப்புறம் வந்ததுங்க குரல், பக்கத்துக் காம்பராவிலிருந்து பேசுவதுபோல. “வீடு, வீடு, கேக்குதா? வளைவு தாண்டி நிக்கிறேன். ரோட்டு சுத்தமா கெடக்கு.” லயம் முழுக்கக் கைதட்டல். மைக்கை என் கையில் கொடுத்தாள் கவிதா. “கேக்குதுப்பா, பாத்து வா” என்றேன்.

தோட்டத்தில் பக்கத்து டிவிசன் வேன்காரரும் இதே ஏரியலை வாங்கிவிட்டார். ரோட்டில் என்ன கிடக்கிறது என்பது விடிந்ததும் இப்போது எனக்குத் தெரிகிறது. மடியில் உங்கள் தலையின் கனம் மட்டும் இறங்கவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏரியலுக்குக் கீழே எங்கள் எல்லோரையும் நிறுத்திக் கவிதா போனில் படம் பிடித்துக்கொண்டு நேற்று கொழும்புக்கு ரயிலேறினாள். போனுக்குள் இருக்கிற படத்தை நான் எந்தச் சுவரில் மாட்டுவது? உங்கள் படத்துக்கு நேர் எதிரே ஆணி அடித்தாயிற்று. பெரிசாகக் கழுவி, தபாலில் போடும்மா என்று சொல்லியிருக்கிறேன்.