விரதத்தை என்னிடம் விட்டுவிடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இன்று அந்த இடத்தில் நின்றுவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தம்பி ஒழுங்காக வேலைக்குப் போகிறான், எனக்குத்தான் மனசு சரியில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்று தம்பியிடம் சொன்னாயாம். அவன் வயிற்றில் என்றைக்கு ரகசியம் தங்கியது, அவனைத் திட்டாதே. உங்கள் விமான சாகசக் குழுவில் உன் இடப்பக்கம் பறந்த அந்தப் பிள்ளை விழுந்து இறந்ததிலிருந்து, பறக்கிற நாளெல்லாம் மாலைவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் அவனுக்காக விரதம் இருக்கிறாயாமே. போன வாரம் விமானத்தைச் செங்குத்தாகத் தூக்கும்போது கண்ணில் நிறமெல்லாம் வெளுத்துச் சாம்பலாகிப் போனதாமே. இறங்கியதும் பதவி பார்க்காமல் அவரவர் தப்பை அவரவரே சொல்லும் கூட்டத்தில் நீ வாயே திறக்கவில்லையாமே.

விடுமுறையில் வந்தபோது சமையலறை நாற்காலியில் கண்ணை மூடி, கையை மட்டும் அசைத்து முணுமுணுத்தாய். ஜபம் என்று நினைத்து மிக்சியை ஓட்டாமல் காத்திருந்தேன். "ஜபமில்லம்மா, மேல பறக்கிறத இங்க உக்காந்தே பறந்து பாக்குறேன்" என்று சிரித்தாய். மேலே ஏறும்போது உடம்பு பல மடங்கு கனக்கும், ரத்தம் தலையை விட்டு இறங்கும், தொடையையும் வயிற்றையும் இறுக்கித் தாங்க வேண்டும், அதற்குச் சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும் வேண்டும் என்று அன்று சொன்னவளும் நீதான். பக்கத்து விமானத்தின் இறக்கையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டோம் என்றாய். உன் இறக்கையை நம்பி வருகிறவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே அம்மா. மறைத்த செலவு மாதக் கடைசியில் தலையைக் காட்டும் என்பது வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்குத் தெரியும். ஆகாயம் மாதக் கடைசிவரை பொறுக்காது.

கடவுளுக்குப் பட்டினிதான் வேண்டுமென்றால் என்னிடம் கேட்கட்டும். நான் பசியில் மயங்கினால் யார் தலையிலும் விழ மாட்டேன். அந்தப் பிள்ளைக்கான விரதத்தை இன்று முதல் நான் எடுத்துக்கொண்டேன். நீ வயிறாரச் சாப்பிடு, பிறகு உன் குழுத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொல். பறக்க விடாமல் உட்கார வைப்பார்கள், உன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாய், கொடுக்கட்டும். எத்தனை வருஷ ஆசை என்று எனக்கும் தெரியும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பகலில் சாப்பிடாததற்கு வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லியிருக்கிறேன்.

கடவுள் உனக்குத் துணை நிற்கட்டும், நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். மறந்துவிடாதே, நீ தலைவரிடம் சொல்லிவிட்டேன் என்று போன் செய்கிற அன்றுதான் நான் பகலில் சாப்பிடுவேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா