பெட்ராக்கின் பெயரில் ஒரு விமானம்

ஸ்ட்ராம்னெஸ், ஆர்க்னி
3 மார்ச் 1983

மதிப்புக்குரிய செல்வி ஹெஸ்டர் பெங்கெல்லிக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் அண்ணன் பெட்ராக்கும் நானும் போரின்போது ஒரே விமானந்தாங்கிக் கப்பலில், ஒரே போர்விமான அணியில் இருந்தோம். அடுத்தடுத்த படுக்கை. நாற்பது வருஷம் கழித்தும் அவன் குறட்டையை என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

மருந்துக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். சும்மா இருப்பவன் கண்ணில் பட்டால் விடுவார்களா? அணியின் பழைய நண்பர்கள் ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் வீழ்த்தியதாகச் சொன்ன ஒவ்வொரு எதிரி விமானமும் உண்மையில் விழுந்ததா, யார் சுட்டு விழுந்தது என்று பார்த்துப் புத்தகமாக்க வேண்டும். எங்கள் அறிக்கைகளை எதிரியின் இழப்புக் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறேன். நாங்கள் ஒன்பது என்று சொன்ன நாளில் அவர்கள் இழந்தது நாலுதான். எல்லோரும் புளுகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேகத்தில் இரண்டு பேர் ஒன்றையே சுடுவோம். புகை கிளம்பியதும் இருவருமே அது தன்னுடையது என்று மனமார நம்புவோம். புகைந்துகொண்டு மேகத்துக்குள் போனவன் ஊர் போய்ச் சேர்ந்து காபி குடித்திருப்பான்.

பெட்ராக்கின் படம் ஒன்று இருந்தால் புத்தகத்துக்குக் கொடுத்து உதவுங்கள். பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

உண்மையுள்ள,
மேக்னஸ் இஸ்பிஸ்டர்


போல்வென், கார்ன்வால்
11 மார்ச் 1983

அன்புள்ள திரு. இஸ்பிஸ்டருக்கு,

உங்களைத் தெரியாதா? நல்ல கதையாக இருக்கிறதே! பெட்ராக் எழுதிய கடிதங்களில் பாதி உங்களைப் பற்றித்தான். 'மேக்னஸ் இதைச் சொன்னான், மேக்னஸ் அதைத் தின்றான்' என்று படித்துப் படித்து எங்களுக்கு அலுத்தே போனது. போர் முடிந்ததும் உங்கள் அணியிலிருந்து மூன்று பேர் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அம்மா இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி தின்றார்கள். கடைசி நாளில் அவன் இத்தாலிக்காரரின் விமானத்தை எப்படி வீழ்த்தினான் என்று இரண்டு கைகளையும் விமானமாக்கிச் சாப்பாட்டு மேசைமேல் பறந்து காட்டிவிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அந்த ஆர்க்னிப் பையனுக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியலையாடி?" அம்மா போய் ஆறு வருஷமாகிறது. இனி அந்தக் குறையைக் கேட்க நான்தான் இருக்கிறேன், கேட்டுவிட்டேன்.

படம் வைத்திருக்கிறேன். காது அவ்வளவு பெரிதாக விழுந்தது புகைப்படக்காரரின் குற்றமல்ல.

பதிலுக்கு எனக்கு ஓர் உதவி வேண்டும். ஆகஸ்டில் எங்கள் ஜெபாலயச் சுவரில் அவனுக்கு ஒரு ஸ்லேட் கல் பலகை பதிக்கிறோம். பெயர், தேதி, அதன் கீழே 'எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தி உயிர் கொடுத்தான்' என்று ஒரு வரி. சபை மூப்பர் டைரல் பிடிவாதக்காரர். "கல்லுல வெட்டுறது கர்த்தர் முன்னால சொல்றதுக்குச் சமம் ஹெஸ்டர். சாட்சி இருக்கா?" என்கிறார். கப்பல் தலைவர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினேன். "அவரு கூடப் பறந்தாரா?" என்று கேட்டுவிட்டார். கூடப் பறந்தவர் நீங்கள். இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், போதும்.

அன்புடன்,
ஹெஸ்டர் பெங்கெல்லி


ஸ்ட்ராம்னெஸ்
2 ஏப்ரல் 1983

அன்புள்ள செல்வி பெங்கெல்லிக்கு,

படம் வந்தது. மேசைமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். காது விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி.

பலகை பற்றி. கல்தச்சரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். என்னைப் போலவே இத்தாலியர் பக்கத்துக் கணக்கைப் பார்க்கிற பெருட்சி என்பவர் இத்தாலியில் கிராசெட்டோ என்ற ஊரில் இருக்கிறார். அந்த நாளைப் பற்றி அவருக்கு எழுதியிருக்கிறேன். அவர் பதில் வரட்டும்.

இங்கே விடாமல் காற்று. எங்கள் தீவுக்குப் படகும் ஒழுங்காக வருவதில்லை, தபாலும் வருவதில்லை. உங்கள் பக்கம் பூவெல்லாம் வந்திருக்கும்.

அன்புடன்,
மேக்னஸ் இஸ்பிஸ்டர்


போல்வென்
20 மே 1983

திரு. இஸ்பிஸ்டருக்கு,

பொறுத்தாயிற்று. ஏப்ரல் போனது, மே போகிறது. ஸ்லேட் வந்து இறங்கி, தச்சர் உளியோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வரி கேட்டேன், நீங்கள் காற்றைப் பற்றியும் படகைப் பற்றியும் எழுதுகிறீர்கள். என் அண்ணன் பக்கத்தில் பறந்தவருக்கு இத்தாலிக்காரர் வந்து சொன்னால்தான் நினைவு வருமா?

நூலகத்தில் போர்க்கால விஷயமெல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். உங்கள் பெயரைச் சொன்னேன். "அவரு நாலு விமானம் வீழ்த்தினவரும்மா. இன்னும் ஒண்ணு இருந்தா அஞ்சு. அஞ்சுன்னா 'ஏஸ்', அந்த மரியாதையே தனி" என்றார். அப்படியா சங்கதி என்று நினைத்தேன். யாருடையது எது என்று தீர்ப்புச் சொல்பவரும் நீங்கள், ஒன்று குறைகிறவரும் நீங்கள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா?

மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன். எங்கள் அண்ணன் அதை வீழ்த்தினானா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் போதும்.

ஹெஸ்டர் பெங்கெல்லி


ஸ்ட்ராம்னெஸ்
9 ஜூன் 1983

அன்புள்ள ஹெஸ்டர்,

இல்லை.

ஒரு சொல் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் அவனுக்குச் செய்கிற துரோகம். மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

மால்டாவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்கு அன்று நாங்கள் காவல். தாழப் பறந்து வந்த மூன்று இன்ஜின் விமானம் ஒன்றைப் பெட்ராக் பின்னாலேயே துரத்திப் போனான். நான் பின்னால் கொஞ்சம் மேலே. அவன் சுடுவதற்குள் அதன் பின்பக்கத் துப்பாக்கிக்காரன் சுட்டுவிட்டான். பெட்ராக்கின் விமானம் நேரே தண்ணீரில் இறங்கியது. எதுவும் மேலே வரவில்லை. ஒரு சத்தம் போடக்கூட அவனுக்கு நேரமிருந்திருக்காது. அதன்பிறகு அந்த மூன்று இன்ஜின் விமானத்தை நான் சுட்டுக் கடலில் தள்ளினேன்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. திரும்பி வராதவன் வெறுங்கையோடு போகக் கூடாது. அவனைப் பெற்றவளுக்குக் கப்பல் தலைவர் கடிதம் எழுதும்போது அதில் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமே! அன்று எதையாவது வீழ்த்தியவன் அதைச் செத்தவன் பெயரில் சொல்லிவிடுவான். தளத்தில் இறங்கியதும் அறிக்கை எழுதும் அதிகாரி கேட்டார்.

"அந்த மூணு இன்ஜின்காரன விழுத்தினது யாருப்பா?"

"பெட்ராக், சார்."

"நீ பாத்தியா?"

"கண்ணால பாத்தேன் சார்."

சுடாத விமானத்தில் துப்பாக்கி வாயை மூடி ஒட்டிய துணி கிழியாமல் இருக்கும். என் இறக்கையில் அது கந்தலாய்த் தொங்கியதை அவர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெட்ராக் என்று எழுதிக்கொண்டார்.

அவனைக் கொன்ற விமானத்தையே அவனுக்குக் கொடுத்தேன், ஹெஸ்டர். என்னிடம் கொடுக்க அன்று வேறு எதுவும் இல்லை.

பெருட்சியின் பதில் வந்துவிட்டது. அந்தத் துப்பாக்கிக்காரர் பிழைத்து இன்னும் இருக்கிறார். நான் எழுதியதை அப்படியே அவரும் சொல்லியிருக்கிறார், அது அவர்கள் புத்தகத்தில் வரப்போகிறது. கல்லில் ஒன்றும் புத்தகத்தில் வேறொன்றுமாக இருந்தால் ஊர் பெட்ராக்கைத்தான் பொய்யன் என்னும். அதைத் தாங்க மாட்டேன். அதனால்தான் தடுத்தேன், தடுத்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காற்றைப் பற்றி எழுதினேன்.

உங்கள் அம்மா முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று பேரைப் போல என்னால் கையைப் பறக்கவிட்டிருக்க முடியாது. உண்மையைச் சொல்லவும் வாய் வந்திருக்காது. இதைத் தவிர வராததற்கு வேறு காரணமில்லை.

நாலு ஐந்தாகும் என்றீர்கள். ஆகும். அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. செத்தவனிடம் கொடுத்ததைக் கிழவனான பிறகு திருப்பி வாங்குவதா? யார் வீழ்த்தியது என்று தெரியவில்லை என்றே புத்தகத்தில் போட்டுவிடுகிறேன். பலகைக்கு என்ன செய்வது என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

மேக்னஸ்


போல்வென்
17 ஜூன் 1983

அன்புள்ள மேக்னஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அவன் உயிர் போன விதம் எங்களுக்குத் தெரியாது. "ரொம்ப நேரம் தண்ணியில கெடந்து தவிச்சிருப்பானோ" என்று அம்மா கடைசிவரை புலம்பினாள். இல்லை என்று இப்போது தெரிகிறது. அவளிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

மற்றது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கோடைச் சந்தையில் தேங்காய்களைக் கம்பத்தின்மேல் வைத்துப் பந்தால் அடிக்கிற கடை ஒன்று போடுவார்கள். பெட்ராக் வருஷம் தவறாமல் கைக்காசு முழுவதையும் அங்கே விடுவான். ஒரு வருஷம்கூட ஒரு தேங்காயை அசைத்ததில்லை. ஒருமுறை கடைக்காரர் தலையில் அடித்தான். கப்பல் தலைவரின் கடிதம் வந்த அன்று அம்மா அதைப் படித்தாள், மறுபடி படித்தாள், சிரித்துவிட்டாள். அவன் போன செய்தி வந்ததிலிருந்து அவள் வாய் திறந்ததே அப்போதுதான். "நம்ம பெட்ராக்கா? நின்ன தேங்காயவே அடிக்கத் தெரியாதவன், பறக்குறத அடிச்சானா? எவனோ ஒரு பய தன்னோடதத் தூக்கி இவனுக்குக் குடுத்திருக்கான்டி!" என்றாள். பிறகு கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். கூட இருந்தவர்கள் அவன்மேல் அவ்வளவு உயிராக இருந்தார்கள் என்று அவளுக்கு அதில்தான் தெரிந்தது.

யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த மூன்று பேருக்கும் பாஸ்டி போட்டாள். மூன்று பேரும் கதையைச் சரளமாகச் சொன்னார்கள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இவங்க இல்லடி. குடுத்தவனுக்கு எம் மொகத்தப் பாக்கத் தைரியம் வராது. வராம இருக்கானே, அந்த ஆர்க்னிப் பையன், அவன்தான்."

உங்கள் முதல் கடிதத்தின் உறையில் பெயரைப் பார்த்ததும் படிக்காமலேயே உட்கார்ந்துவிட்டேன். பலகையில் அந்த வரிக்கு உங்களிடம் சாட்சி கேட்டதும், பூனை, பால் என்று எழுதியதும் உங்கள் வாயைப் பிடுங்கத்தான். கோபமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இவ்வளவு காலம் அதைச் சுமந்துகொண்டு இருந்தீர்கள் என்று தெரிந்திருந்தால் அப்படிக் குத்தியிருக்க மாட்டேன். மன்னித்துவிடுங்கள்.

புத்தகத்தில் அதை உங்கள் பெயரிலேயே போடுங்கள். கொடுத்தது எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதை இனி எந்தப் புத்தகமும் திருப்பி வாங்க முடியாது.

பலகையில் வரியை மாற்றிவிட்டேன். பெயர், தேதி, அதன் கீழே 'தோழர்கள் நேசித்தவன்'. மூப்பர் டைரல் வழக்கம்போல, "இதுக்குச் சாட்சி?" என்றார். உங்கள் கடிதத்தை நீட்டினேன். ஜன்னலோரம் போய் நின்று படித்தார். மடித்து என் கையில் கொடுத்து, "வெட்டச் சொல்லும்மா" என்றார்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு பதிக்கிறோம். சந்தையும் அந்த வாரம்தான். அம்மா என்னிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: "அந்தப் பொய்க்காரப் பய என்னைக்காவது வந்தா, நான் இல்லேன்னாலும் வயிறு நெறையப் போட்டு அனுப்புடி." ஆறு வருஷமாக அது செய்யாமல் கிடக்கிறது. எந்த ரயில் என்று எழுதுங்கள், நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புள்ள தங்கை,
ஹெஸ்டர்