ஜன்னல் வைத்த கப்பல்

கோட்டையூர்,
26.12.1996

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் கொடுத்துவிட்ட பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி நம் ரீனா ஒரு விண்வெளிக் கப்பல் செய்தாள். படம் பார்த்துச் செய்யவில்லை, தானாக யோசித்தது. சிவப்பு இறக்கை, சுற்றிலும் ஜன்னல்கள். கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களுக்கு ஒட்டகத்துக்குப் பதிலாக இருக்கட்டும் என்று நானும் சிரித்துக்கொண்டே வைக்கவிட்டேன்.

நேற்றுக் காலை பார்த்தால் தொட்டில் காலி. குழந்தை இயேசு கப்பலுக்குள் படுத்திருந்தார்.

"ராஜாக்க ஏறலையாடி?"

"அவுக நடந்து வரட்டும். பாப்பாவுக்குத்தான் கட்டுனேன்."

"இத்தனை ஜன்னல் எதுக்கு?"

"மூச்சு முட்டக் கூடாதுல்லம்மா. தம்பிய வச்ச பெட்டியில ஒண்ணுகூட இல்லையே."

தம்பி மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றுதானே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம்? அடக்கத்தன்று அவளைப் பக்கத்து வீட்டில்தானே விட்டிருந்தோம்?

அடுப்படிக்குப் போய், யாருக்கு என்று தெரியாமல் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி ஆறில் ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடில் சொரூபங்களை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்து மூட வேண்டும். வருஷாவருஷம் நான்தான் செய்வேன். இந்த வருஷம் நீங்கள் லீவு போட்டு வந்து செய்யுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா