நல்ல தண்ணியின்மேல் கார் ஓடும் ஊர்

வேலணை கிழக்கு
12.3.1976

அன்பு மகள் மனோகரிக்குக் குஞ்சியப்பு எழுதுவது. நயினை அம்மாள் புண்ணியத்தில் நானும் சின்னம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தப் பனியில் விறைக்காமல் இருக்க அவளே காக்கவேண்டும். முதலில் ஒன்று, இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். உன் அப்பா, என் அண்ணர், கண்மூடியபின் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த காலத்திலேயே, இந்தப் பிள்ளை அமெரிக்காவில் ஏரிக்கரைப் பட்டணத்தில் வாழும் என்றேன். சின்னம்மா சாட்சி, இப்போது மறந்துபோச்சுது என்கிறாள்.

உங்கள் மடிசன் பட்டணத்து ஏரி உறைந்து அதன்மேல் கார் ஓடுகிறது, துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்று எழுதினாய் அல்லவா, அதை யாழ்ப்பாண பஸ்ஸில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், பஸ்ஸும் ஓடும், தேரும் இழுக்கலாம் என்று. அதற்குச் சுருவில் ஊர் மீன்பிடிகாரன் குருசுமுத்து எழும்பி, ஐயாத்துரையண்ணை, உங்கடை கார் போற வழியிலை என்ரை வலையைக் கிழிச்சுப்போடாதேங்கோ என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. போன கிழமை உன் மாமா வைத்திலிங்கத்தாருக்கு நீ அனுப்பிய படம் வந்தது, ஏரி நடுவே கார் நிற்கிற படம். அதைச் சட்டைப்பையில் வைத்துப் புங்குடுதீவு வரைக்கும் காட்டித் திரிகிறார். அதே குருசுமுத்து அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, ஓம் ஐயா, உண்மைதான் என்றானாம். நான் சொன்னால் புளுகு, மாமா காட்டினால் உண்மை. வளர்த்தவனுக்கல்லவா படம் வந்திருக்கவேண்டும்?

அதன் பின்பக்கத்தில், ஆடி மாதம் மாமாவோ குஞ்சியப்புவோ ஒராள் வாங்கோ, நீங்களே பேசி முடிவெடுங்கோ என்று எழுதியிருந்தாய். முடிவெடுத்தாயிற்று, நான்தான் வருகிறேன். மாமாவுக்கு முழங்கால் பிடித்துவிட்டது, படியேற ஏலாது, பிளேனை நினைக்கவும் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிப்போட்டார். அரசாங்க மாளிகையின் உச்சிக்கு ஏறிப் பட்டணம் பார்க்கலாமாமே, அது அவரால் ஆகாத காரியம், நான் ஒரே மூச்சில் ஏறுவேன். மாளிகையைச் சுற்றிச் சனிக்கிழமைச் சந்தையாம், அவருக்கு விலை பேசவும் தெரியாது. மிருகக்காட்சிச்சாலைக்குப் போனாலும் கரடியைக் கண்டு உன் கையைத்தான் பிடித்துக்கொள்வார்.

மகள், உங்கள் பட்டணத்து ஏரி இரண்டும் நல்ல தண்ணி என்று எழுதியிருந்தாய். எங்கள் கிணறு உவர்த்துப்போய், சின்னம்மா ஒரு குடத்துக்காகக் கோயில் கிணற்றடியில் வெயிலில் நிற்கிறாள். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நல்ல தண்ணியை வைத்துக்கொண்டு அதன்மேல் கார் விடுகிற சனத்தை நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. ஆடியில் உருகிக் கிடக்கும்தானே, வந்து இறங்கியவுடன் என்னை அங்கே கூட்டிப்போ. ஒரு முழுக்குப் போட்டு, வாய் நிறையக் குடிக்கவேண்டும்.

காதைத் துணியால் மூடிக்கொள், மருமகனை ஏரியில் கார் விட விடாதே. சின்னம்மா உனக்குப் பனம்பழப் பனாட்டும் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் கட்டி வைக்கிறாள். அம்மாள் உங்கள் வீட்டைப் பிள்ளை குட்டியோடு தழைக்க வைக்கட்டும். பிளேன் ரிக்கற்றில் என் பெயர் பிழைக்காமல் பார்த்துக்கொள்.

உன்னை வளர்த்த குஞ்சியப்பு
ஏரம்பு ஐயாத்துரை

பி.கு. சின்னம்மா வாசித்துப்போட்டு, அம்மாளின் பெயரை எழுதின கையாலை இதையும் எழுதுவியளோ என்று கடிதத்தை ஒட்ட விடுகிறாளில்லை. அதனால் எழுதுகிறேன், டாக்குத்தர் ஒன்றும் சொல்லவில்லை. மாமா நேற்றும் குறிகட்டுவான் துறைக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வந்தார். பின்னாலே இருந்தது நான்.