பிடுங்கிய பேட்டரி

1998 ஆகஸ்ட், வியாழன் இரவு.

மாலையில் தங்கை சரோஜாவைப் பார்க்கக் கணபதிப் பகுதியில் அவளும் கணவனும் நடத்தும் பட்டறைக்குப் போனேன். காலையிலிருந்து கம்ப்யூட்டரில் அடித்த விலைக் கொட்டேஷனை முடிக்கப்போகிறாள். அவள் கணவன் வந்து அதன் சுவிட்சை அணைத்துவிட்டான். சிங்கப்பூரில் வாங்கிய தன் கையடக்கக் கணினியை அப்படித்தான் அணைப்பான்; மறுபடி அமுக்கினால் அது விட்ட இடத்திலேயே நிற்கும். இந்தப் பெரிய கம்ப்யூட்டரோ, சேமிக்கச் சொல்லாததை வைத்துக்கொள்ளாது. கொட்டேஷன் போயிற்று.

அவளை அறைந்தான். மேசை விளிம்பில் பட்டு உதடு கிழிந்தது.

"அணைச்சது நீங்க, தம்பி" என்றேன்.

"ஏனுங்க அக்கா, பாடத்தைக் காலேஜுல வெச்சுக்கோங்க" என்றான், அவள் தலைமுடியைப் பற்றியபடி, மரியாதை குறையாமல். "இத்தனூண்டு மிசினு ஒண்ணையும் தொலைக்கறதில்லீங்க. உங்க தங்கச்சிக்குத்தான் துப்பில்லை."

மேசையிலிருந்த அந்தச் சின்னக் கணினியை எடுத்தேன். முதுகைத் திறந்து, பேட்டரிகள் எல்லாவற்றையும் பிடுங்கி அவன் முகத்தில் எறிந்தேன். முடியை விட்டான். சிரித்தான்.

"நாளைக்கு வேற பேட்டரி போட்டுக்கறேனுங்க."

சரோஜாவை ஆட்டோவில் ஏற்றி இங்கே என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

"காலைல வந்து கூப்புடுவாருக்கா. போயிருவேன்" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். சின்னது எதையும் ஹார்டு டிஸ்க்கில் எழுதிவைப்பதில்லை. பேட்டரி இருக்கும்வரைதான் அதற்கு நினைவு. இந்நேரம் அதில் அவன் ஏற்றிவைத்திருந்த வாடிக்கையாளர் முகவரி ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. தெரிந்தால் அவளைக் கொன்றுபோடுவான். இனி அவளால் திரும்பிப் போக முடியாது.

சரோஜா சிரித்தாள். சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்துவிட்டது. பஞ்சு எடுத்துவர வேண்டும்.