படியில் நின்ற சில்லறை

சில்லறையை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போன என் செல்ல மாமாவுக்கு,

அங்கே பஸ் உண்டா? இருந்தால் நீங்கள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை. பின்படியில் தொங்கிக்கொண்டு தேவர்களையே உள்ளே தள்ளிக்கொண்டிருப்பீர்கள். அவர்களிடமும் சில்லறை கேட்கிறீர்களா?

இங்கே உங்கள் சில்லறையின் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாள் முழுக்க பஸ்ஸில் சில்லறை, சில்லறை என்று கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே கத்துவதற்காக நாய்க்கு அந்தப் பெயர் வைத்த ஒரே கண்டக்டர் நீங்கள்தான். கீழ்பென்னாத்தூரில் உங்கள் அறையைக் காலி செய்த அன்று, அப்பா கட்டிலை எடுத்தார், அம்மா போட்டோவை எடுத்தாள், நான் அவனை எடுத்துக்கொண்டேன். ஆறு வயசு நாய். ஷேர் ஆட்டோவில் வேங்கிக்காலில் எங்கள் வீடு வரைக்கும் என் மடியில் சமர்த்தாக வந்தான்.

வாசல்படி வரைக்கும் சமர்த்து. அதற்கு மேல் வரவில்லை.

நான்கு படி ஏறினான். கடைசிப் படியில் நின்றான். ரோட்டைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கயிற்றைப் பிடித்து இழுத்தால் நாலு காலிலும் ஹேண்ட் பிரேக். படியிலிருந்து சமையலறை வரைக்கும் பிஸ்கட்டை வரிசையாக வைத்தேன். எறும்புகள் குடும்பத்தோடு வந்து குடியேறின, அவன் வரவில்லை. கறி எலும்பைக் கூடத்தில் வைத்தால், ஓடி வந்து கவ்விக்கொண்டு படிக்கே போய்விட்டான். பார்சல் சர்வீஸ்.

வாக்கிங் கூட்டிப்போனது தனிக்கூத்து. டீக்கடை முன்னால் கயிறு கைநழுவிவிட்டது. "சில்லறை, சில்லறை" என்று கத்திக்கொண்டே ஓடினேன். டீ மாஸ்டர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"காலையிலேர்ந்து இல்லம்மா. ஸ்கேன் பண்ணிட்டுப் போ."

சிரிப்பதற்கு நேரமில்லை மாமா. அப்பா கெடு வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நியாயமாகச் சொன்னார்.

"பௌர்ணமி வருது. கிரிவலத்துக்கு வர்ற வெளியூர் வண்டியெல்லாம் நம்ம தெருவுலதான் நிறுத்துவான். இது படியில படுத்துக்கினு இருந்தா, ஒரு ஆரன் சத்தத்துல மிரண்டு ஓடிடும். அந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடுவ? அதுக்குள்ள உள்ள வரலன்னா அடி அண்ணாமலைல என் ஃபிரண்டு தோட்டத்துல விட்டுடலாம். பாவம், அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்."

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா அவன் காது, பல் எல்லாம் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் அவசரம் ஜாஸ்தி" என்றார். "இழுக்காத. கூப்பிட்டுக்கினே இருக்காத. கதவத் தொறந்து வெச்சிட்டு, பக்கத்துல உக்காந்து உன் வேலையப் பாரு. உள்ள போலாம்னு அவனுக்காத் தோணணும்."

நல்ல யோசனைதான். ஆனால் என்னிடம் அதைவிட சீக்கிரமான யோசனை ஒன்று இருந்தது.

உங்கள் குரல். ஒருமுறை நீங்கள் பேசுவதுபோல அம்மாவுக்குப் போன் போட்டு, "அக்கா, இன்னிக்கு லீவு, மட்டன் எடுத்து வெய்யி" என்றேனே. நீங்கள் எதேச்சையாக வந்து, எதற்கு என்றே கேட்காமல் மூன்று தட்டு சாப்பிட்டீர்களே. அந்தக் குரலை எடுத்தேன்.

"யோவ், படியில நிக்காத. உள்ள போ, உள்ள போ. நடுவுல எவ்ளோ எடம் கீது பாரு."

சில்லறை துள்ளி எழுந்தான். வாலை ஆட்டிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே பாய்ந்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவன் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பீரோவுக்குப் பின்னால் பார்த்தான். பாத்ரூம் கதவை மூக்கால் தள்ளிப் பார்த்தான். சமையலறைக்குள் போனான். அங்கே அம்மா தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

எங்கேயும் நீங்கள் இல்லை. அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படிக்கே திரும்பிப் போனான். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன் மாமா. எல்லோரும் துரத்திப்பிடித்துக் காதைத் திருகியிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டவன் இவன் ஒருவன்தான். அம்மாவும் திட்டவில்லை. "தம்பிதான் வந்துட்டான்னு நெனச்சுட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து டாக்டரம்மா சொன்னபடி கேட்டேன். ஸ்கூல் விட்டு வந்ததும் படியில் உட்கார்ந்து படித்தேன், என் சொந்தத் தகரக் குரலில், சத்தமாக. பிளஸ் ஒன் உயிரியலில் பாதி அவனுக்கு இப்போது தெரியும். செரிமான மண்டலம் வந்தபோது கொட்டாவி விட்டான், எங்கள் மிஸ் பார்த்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார். மூன்றாம் நாள் அரையடி நகர்ந்து வந்தான். ஐந்தாம் நாள் என் பாதத்தின் மேல் தாடையை வைத்தான். கால் மரத்துப்போனது, எடுக்கவில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது. மத்தியானமே தெரு நிரம்பிவிட்டது. ஒரு டூரிஸ்ட் பஸ் எங்கள் வீட்டு முன்னாலேயே ரிவர்ஸ் எடுத்தது. பின்னால் நின்று ஒருவர் "வா, வா, லெப்ட்ல ஒடி, ஒடி" என்று பஸ்ஸைத் தட்ட, டிரைவர் ஆரனை விடாமல் அடிக்க, சில்லறை எழுந்து நின்றான். உடம்பெல்லாம் நடுங்கியது. கேட் பக்கம் நின்றிருந்த அப்பா, தோட்டத்து ஃபிரண்டைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

உங்கள் குரல் என் தொண்டை வரைக்கும் வந்தது மாமா. ஒரு வார்த்தை போதும். விழுங்கிவிட்டேன்.

புத்தகத்தை மூடினேன். "எனக்கே பயமா கீது சில்லறை. நான் உள்ள போறேன்" என்றேன். கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு உள்ளே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பீரோக் கண்ணாடியில் பார்த்தேன்.

ரோட்டைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். ஒரு காலை நிலைவாசலுக்கு இந்தப் பக்கம் வைத்தான். யோசித்தான். அப்புறம் மிச்ச மூன்றையும் எடுத்து வைத்து, நேராக வந்து என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பீரோவுக்குப் பின்னால் இந்தத் தடவை போகவில்லை.

அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சரி, அந்தக் கதவச் சாத்து. தூசி வருது" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தூசியால்தானாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று காலை அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "ஏய், அவன் கொரல்ல ஒரு தடவ என்னக் கூப்புடேன்."

சில்லறை அப்பாவோடு மொட்டைமாடியில் இருந்தான். இருந்தாலும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கூப்பிட்டேன். "அக்கா, பசிக்குதுக்கா."

"இருடா, வேவட்டும்" என்றாள் அம்மா. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு.

உங்கள் குரலை இனி யாரையும் ஏமாற்ற எடுக்க மாட்டேன், சத்தியம். அம்மா கேட்டால் மட்டும் எடுப்பேன், சில்லறையின் காதுக்கு எட்டாத இடத்தில். அவனைக் கூப்பிட என் தகரக் குரலே போதும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவுக்கு மகள், உங்கள் சில்லறைக்கு அக்கா,
பவித்ரா