சோபா போட்ட ரூம்

தோஹாவில் உழைத்துக்கொண்டிருக்கும் என் அருமை மருமகன் உதயகுமாருக்கு, நகரியிலிருந்து தாய்மாமன் நாகபூஷணம் எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அம்மா கமலா நாளுக்கு நாள் தேறிவருகிறாள். உன் சுகத்தை நீதான் சொல்ல வேண்டும். போனை எடுக்காதவன் சுகத்தை நான் எந்த ஜோசியக்காரனிடம் போய்க் கேட்பது?

அதனால்தான் கடிதம். பின்தெரு தமிழ்ச்செல்வன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு சித்தூர் ஆபீசில் ஒரு பெரிய அதிகாரி, நீங்கள் எம்.ஏ.வா என்று கேட்டது ஊருக்கே தெரியும்.

கமலா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறாள். தையல் நன்றாக ஆறிவிட்டது. போன வாரம் திருப்பதிக்குச் செக்கப்புக்கு அவளைக் காரில் பின்சீட்டு முழுக்கக் கால் நீட்டி உட்காரவைத்து, முன்னால் துணைக்கு எதிர்வீட்டு அம்மாவை ஏற்றி அனுப்பிவிட்டு நான் பின்னாலேயே பஸ்ஸில் போனேன். இப்போதெல்லாம் நான் புல்லட்டை எடுப்பதில்லை, எனக்குப் பஸ்தான். முதுகுக்கு அதுதான் நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். யார் யாரோ உனக்குப் பாதிப் பாதியாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன், கேள்.

அவள் பாத்ரூமில் விழுந்த அன்று, எலும்பு முறிந்தால் கட்டுப் போடப் போகிற நம் வழக்கப்படி முதலில் புத்தூருக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் கட்டுக் கட்டுகிறவர் நூறு பேரை உட்கார வைத்துவிட்டு எழுந்து வந்தார். இடுப்பைத் தொட்டார், உடனே கையை எடுத்துவிட்டார். “இது இடுப்பு எலும்பு நைனா, கட்டுக்கு அடங்காது. இங்க நின்னுக்கினு இருக்காத, நேரா திருப்பதிக்குப் போ” என்றார். திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் நீ போன் செய்தாய். அம்மாவுக்கு நான் எடுத்த இன்சூரன்சில் ரூம் வாடகைக்கு லிமிட் இருக்கிறது மாமா, பார்த்துப் போடுங்கள் என்றாய். எனக்குத் தெரியாததா என்றேன். அப்படிச் சொன்னதை நான் மறுக்கவில்லை.

இரண்டு பேர் படுக்கிற ரூம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒரு நோயாளிக்கு ஒரே பாஸ். நம் தெரு உனக்குத் தெரியாதா? ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வேன் பிடித்துக்கொண்டு தெருவே வரும். வந்தவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினால், கமலம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தும் இந்தக் கதியா என்று பேசமாட்டார்களா? அதனால் தனி ரூம் கேட்டேன். ஏசி, டிவி, பத்துப் பேர் உட்காரச் சோபா. நாள் வாடகை எட்டாயிரம். உன் பாலிசி நான்கு லட்சம், அதில் நூற்றுக்கு ஒன்று, அதாவது ரூமுக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம்தான் கம்பெனி கொடுக்கும் என்றார்கள். மிச்ச நாலாயிரத்தை மாமன் கொடுப்பான் என்று கவுண்ட்டரில் தட்டிச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

லிமிட்டுக்கு மேலே போனால் மேலே உள்ளதைக் கட்டவேண்டும், அவ்வளவுதானே? உலகத்தில் எவனும் அப்படித்தான் நினைப்பான்.

வேன் வந்தது. இரண்டு வேன் என்று வைத்துக்கொள். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள், கொண்டுவந்த ஆப்பிளை அவர்களே தின்றுவிட்டுப் போனார்கள். கமலா தலையோடு போர்த்திக்கொண்டு, “குளிருதுண்ணா, இத்த அணைச்சிடேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்தவர்களுக்கு வேர்க்குமே என்று நான்தான் அணைக்கவில்லை. ஆனால் யார் வந்தாலும், “எம் புள்ள கட்டின இன்சூரன்சு, ராஜா ரூமு குடுத்துகீது பார்” என்று அவள் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே!

டிஸ்சார்ஜ் அன்று, இன்சூரன்ஸ் மேஜையில் இருக்கிற ரேஷ்மா என்கிற பெண் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கம்பெனி பில்லில் ஏறக்குறைய பாதியை வெட்டிவிட்டது என்றாள். ரூம் வாடகையைத்தானே என்றேன். இல்லை, ஆபரேஷன் தியேட்டர், டாக்டர் பீஸ், நர்ஸ் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதி. மருந்துக்கும் இடுப்பு எலும்பில் வைத்த பிளேட்டுக்கும் மட்டும் முழுசு. நான் சத்தம் போட்டேன். அவள் பதறவில்லை. “அங்கிள், கல்யாணத்துக்குப் பெரிய மண்டபம் புடிச்சா சமையல்காரன், மேளக்காரன் எல்லாம் பெரிய மண்டபத்து ரேட்டு கேக்கறான் இல்ல? இங்கயும் அதேதான். ரூம் பெருசானா எல்லா சார்ஜும் ஏறும். உங்க பாலிசி சின்ன மண்டபத்துக்கு. நீங்க ரெண்டு மடங்கு வாடகை ரூமு எடுத்தீங்க, அவங்க எல்லாத்தையும் ரெண்டா வகுத்துட்டாங்க” என்றாள். முதல் நாளே யாரும் சொல்லவில்லையே என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறதாம். நான் கையெழுத்தின் அழகைத்தான் பார்த்தேன்.

அந்த வெட்டுப்பட்ட பாதியைக் கட்ட, பொங்கலுக்கு ஊருக்கு வர நீ சேர்த்து வைத்திருந்ததை அப்படியே அனுப்பினாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு பேசாதே, சரி. அவளோடும் பேசாமல் இருக்கிறாயே?

இன்றைக்கு நகரியில் யாருக்கு இன்சூரன்ஸ் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். ஆபத்தில்லாத கேஸ் என்றால் படுக்கிறதுக்கு முன்னே ரூம் லிமிட்டைக் கேள், அதற்குள் கிடைக்கிற ரூமைப் போடு, இல்லையென்றால் லிமிட் இல்லாத பாலிசியாக முதலிலேயே எடு என்று டீக்கடையில் பாடம் நடத்துகிறேன். ஐதராபாத் ஆபீசர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்புகிறார்கள்.

கமலாவுக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் கம்பெனியே கட்டிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று என்னிடம், “நான் வுழுந்து அவனுக்கு செலவு வெச்சிட்டனா, அதான் பேச மாட்டேங்கறானாண்ணா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று ஒரு கதையும் வரவில்லை. அப்புறம் சொன்னேன், நீ கப்பலில் போகும்போது உன் போன் கடலில் விழுந்துவிட்டது, கம்பெனி ஆட்கள் வலை போட்டுத் தேடுகிறார்கள் என்று. “கடல்ல வுழுந்த போன் வேலை செய்யுமாண்ணா?” என்றாள். இந்தக் காலத்துப் போன் செய்யும் என்றேன்.

உன் நகரி பேங்க் கணக்கைப் பார். டிக்கெட்டுக்கு வேண்டியதைப் போட்டிருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, உன் மாமனிடம் இல்லாததா? தமிழ்ச்செல்வன் என் புல்லட்டைப் பற்றி ஏதாவது உளறுவான், காதில் போட்டுக்கொள்ளாதே. அது சர்வீசுக்குப் போயிருக்கிறது. பொங்கலுக்கு நீ வந்து இறங்கும்போது மெட்ராஸ் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன். திரும்பி வர இருவருக்கும் பஸ்ஸில் சீட்டுப் பிடித்துவைக்கிறேன்.

என்மேல் உள்ள கோபத்தை என்னிடமே வைத்துக்கொள், எத்தனை நாளானாலும் தாங்குவேன். திருப்பதி வேங்கடேசன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். கடலில் விழுந்த போன் கிடைத்துவிட்டது என்று, தமிழ்ச்செல்வன் அங்கே வந்து இறங்குகிற அன்று சாயங்காலமே கமலாவிடம் சொல்லப்போகிறேனப்பா. இந்த ஒன்றை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

உன் தாய்மாமன்,
நாகபூஷணம்